தின்ஹெனகஸ்: தலபுராணம் வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

> 'தலபுராணம்' என்ற சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, வணக்கம். இடங்களுக்குப் பெயர் வந்த கதைகளைச் சொல்லும் ஐரிஷ் இலக்கிய வகையான தின்ஹெனகஸுக்குத் தமிழ்ச்சொல் தேடியபோது எனக்கும் முதலில் தலபுராணம்தான் நாக்கில் வந்தது. ஆனால் கதைகளைப் படிக்கப் படிக்க அந்தச் சொல்லை எழுத மனம் வரவில்லை. தலபுராணம் என்றதுமே மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று கோயில் வந்து முன்னால் நிற்கும். இடைக்கால ஐரிஷ் புலவர்கள் எழுதிவைத்தது அது இல்லை. ஆற்றுத்துறை, மேடு, ஏரி, யாரோ ஒருவர் வெட்டுப்பட்டு விழுந்த சமவெளி, இதற்கெல்லாம் இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் அவர்கள் கேள்வி. ஆகவே 'ஊர்' என்ற சொல்லும் போதாது, 'இடம்' என்றுதான் வைக்க வேண்டும்.

'ஊர்ப்பெயர் வரலாறு' என்று வைக்கலாம் என இங்கே ஓர் அக்கா சொன்னதற்கும் என் மறுப்பு உண்டு. வட அயர்லாந்தின் ஆர்மா நகருக்குப் பக்கத்தில் இருக்கும் எவின் மாக்கா (எழுத்தில் Emain Macha) என்ற பழைய கோட்டையிடத்தையே பாருங்கள். நிறைமாதக் கர்ப்பிணி மாக்காவை அரசனின் குதிரைகளோடு ஓடவிடுகிறார்கள், ஓடி முடித்த இடத்திலேயே அவள் இரட்டைப் பிள்ளை பெறுகிறாள், 'எமோன்' என்றால் இரட்டை. சரி என்று தலையாட்டினால் இன்னொரு கதையும் இருக்கிறது: மாக்கா என்ற அரசி தன் கழுத்து ஊசியைக் கழற்றிக் கோட்டைக்கு எல்லை கீறினாளாம், 'எயோ' ஊசி, 'முயின்' கழுத்து. இரண்டில் எது சரி என்று தீர்ப்பு எதுவும் சொல்லாமல் இரண்டையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், எனக்கு இந்த இலக்கியத்தில் மிகவும் பிடித்தது அதுதான். இதை வரலாறு என்றால், இன்றைய ஆய்வாளர் செய்யும் இடப்பெயராய்வோடு குழம்பிவிடும். அயர்லாந்தின் பாய்ன் ஆற்றின் பெயர் பழங்கால நிலவியலாளர் தாலமியிடம் 'புவிந்தா' என்று வருவதைக் கொண்டு 'வெள்ளைப் பசு' என்று வேர் காண்பது ஆய்வு. போவான் என்ற பெண் ஒரு கிணற்றை இடப்பக்கமாகச் சுற்றினாள், தண்ணீர் பொங்கி அவளைக் கடல்வரை துரத்தி ஆறாகிவிட்டது என்பது தின்ஹெனகஸ். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் திண்டாடுவார்.

மூலச்சொல்லைப் பிரித்தால் 'திண்ட்' பெயர்பெற்ற இடம், 'ஷெனகஸ்' பழைய மரபுச் செய்தி, அதில் 'ஷென்' என்பது பழமை. 12ஆம் நூற்றாண்டின் லெயின்ஸ்டர் நூல் முதலான சுவடிகளில் இது செய்யுளாகவும் உரைநடையாகவும் கிடைக்கிறது. செய்யுள்களை எட்வர்ட் க்வின் 1903 முதல் 1935 வரை ஐந்து பகுதிகளாகப் பதிப்பித்தார். பிரான்சின் ரென் நகரச் சுவடியில் உள்ள உரைநடையை 1890களில் வெளியிட்ட விட்லி ஸ்டோக்ஸ், 1862இல் சென்னைக்கு வந்து ஏறத்தாழ இருபது ஆண்டு இந்தியாவில் சட்டப் பணியில் இருந்தவர்.

உரையும் பாட்டுமாகப் பழமையைச் சொல்வது நமக்குப் புதிதா என்ன? தொல்காப்பியச் செய்யுளியல் 'தொன்மை' என்ற வனப்பை, அதாவது நூல்வகையை, 'உரையொடு புணர்ந்த பழமை' என்கிறது. 'இடத்தொன்மை' என்றே வைத்துவிடலாம்தான், ஆனால் இன்று அதைப் படிப்பவர் அந்த இடம் எத்தனை பழையது என்று எடுத்துக்கொள்வார். அதனால் ஷெனகஸுக்குத் தொல்லுரை, தின்ஹெனகஸுக்கு இடத்தொல்லுரை, அதை மனப்பாடமாக வைத்திருந்து சொல்பவருக்குத் தொல்லுரைஞர். மூன்றும் ஒரே வேரில் நிற்கின்றன, மொழிபெயர்ப்பவருக்கு அது பெரிய உதவி.

> தொல்லுரை என்றால் 'தொல்லை' என்று காதில் விழுகிறதே தம்பி. 'இடத்தொன்மம்' ஆகாதா?

ஐயா, தொல்லியல் என்று தினமும் சொல்கிறோம், யார் காதிலும் தொல்லை விழவில்லை. தொன்மம் என்றால் தெய்வக்கதை என்று இப்போது நிலைத்துவிட்டது, இங்கே பாதிக்கு மேல் மனிதர்களின் சாவும் சண்டையும் மாட்டு மந்தையும்தான்.

> சரி, அப்படியானால் இடத்தொல்லுரைக்கே என் வாக்கு. முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் தின்ஹெனகஸ் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அப்படியே செய்கிறேன் ஐயா. எவின் மாக்கா கதையை இந்தச் சொல்லோடு மொழிபெயர்த்து நாளை இங்கேயே போடுகிறேன், வாக்கியத்தில் எங்கே இடறுகிறது என்று பாருங்கள்.