மண்ணீரல் வீங்கிய பிள்ளை எப்போது கபடி ஆடலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே, காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். அக்கா மகனுக்கு 17 வயது, கபடி என்றால் உயிர். விடாத காய்ச்சல், தொண்டைவலி, கழுத்தில் நெறி. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் எப்ஸ்டீன் பார் வைரஸால் வரும் மோனோநியூக்ளியோசிஸ் என்றார்கள். ஸ்கேனில் மண்ணீரல் பெரிதாகியிருக்கிறது.

இந்த நோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மண்ணீரல் வீங்குமாம். அது கிழிவது அரிது, நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் கிழிந்தால் வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கொட்டி உயிருக்கு ஆபத்தாகிவிடும். பெரும்பாலும் முதல் 3, 4 வாரத்துக்குள் நடக்கிறது, அடிபடாமலே கூட. குறைந்தது 3 வாரம் விளையாட்டு, பாரம் தூக்குவது கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். இடது விலாவுக்குக் கீழே திடீர் வலி, இடது தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

காய்ச்சல் விட்டதும், "நல்லாயிட்டேன் சித்தி, பொங்கலுக்கு ஆடுறேன்" என்கிறான். எனக்கு அதுதான் பயம். காய்ச்சல் போனாலும் மண்ணீரல் சுருங்க நாளாகும். கபடியில் நாலு பேர் மேலே விழுந்து அமுக்குவார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி பாசத்தில் வயிற்றை எண்ணெய் போட்டு நீவச் சொல்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்ததா? களம் இறங்கும் முன் மறுபடி ஸ்கேன் எடுத்தார்களா, எத்தனை வாரம் பொறுத்தீர்கள்? காரைக்குடியிலோ மதுரையிலோ விளையாட்டு வீரர்களைப் பார்க்கும் மருத்துவர் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.