கல்யாண மேடைக்கு மனோகர் வேண்டாம்

குழு: தங்கச்சிமடம் சொந்தங்கள்

அருள்: எல்லோரும் ஒரு நிமிடம் கவனிக்கவும். ஸ்டெல்லா அக்கா ரிசப்ஷனில் பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டப வாசலில் இருந்து மேடைக்கு நடந்து வரும்போது நான் கீபோர்டு வாசிக்கப் போகிறேன். ‘மௌன ராகம்’ படத்தில் கார்த்திக் வரும்போதெல்லாம் ஒரு பிஜிஎம், பின்னணி இசை, வருமே, அதுதான். வாசித்து அனுப்புகிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அருள்: (குரல் பதிவு)

ரெஜினா அத்தை: அருமை டா தங்கம். உன் விரலுக்குச் சுற்றிப் போட வேண்டும்.

ஜோசப் மாமா குவைத்: இங்கே ரூமில் ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த திருநெல்வேலிக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவை போடச் சொல்கிறார்.

மேரி சித்தி: நல்லா இருக்கு கண்ணு. கோயிலுக்குள்ளே மட்டும் வாசித்துவிடாதே. சினிமா இசை எதுவும் கூடாது என்று ஃபாதர் சொல்லிவிட்டார்.

அருள்: மண்டபத்தில் மட்டும்தான் சித்தி.

சகாயம் பெரியப்பா: வாசிப்பு நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் கல்யாணத்தில் இது வேண்டாம்.

அருள்: ஏன் பெரியப்பா?

சகாயம் பெரியப்பா: அது யாருக்கான இசை? கார்த்திக் நடித்த மனோகருக்கானது. மனோகர் என்ன ஆனான்? பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வருகிற வழியில் போலீஸ் குண்டு பட்டு, காதலி திவ்யா கண் முன்னாலேயே போய்ச் சேர்ந்தான். அவன் இசையைப் போட்டா நம் வீட்டுப் பெண்ணை மேடைக்குக் கூட்டி வருவாய்?

மேரி சித்தி: ஐயோ மாதாவே! செத்தவன் பாட்டா? வேண்டவே வேண்டாம் அருள்.

ஜெனி: அப்பா ஆரம்பித்துவிட்டார். சித்தி, நீங்கள் பயப்படாதீர்கள். மண்டபத்தில் அதைக் கேட்டதும் யாருக்கும் குண்டு ஞாபகம் வராது. ஹோட்டலில் திவ்யாவின் அப்பாவை ‘மிஸ்டர் சந்திரமௌலி’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவானே, அதுதான் வரும். ரீல்ஸ் போடுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் படமே பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது காதல் இசை, அவ்வளவுதான்.

சகாயம் பெரியப்பா: படம் பார்த்தவர்களும் மண்டபத்தில் இருப்பார்கள் அம்மா. எங்கள் வயதுக்காரர்கள் எல்லாம் எங்கே போவோம்?

ரெஜினா அத்தை: கரையில் நாட்டுப்படகு நண்டு வந்திருக்கிறது. யாருக்காவது வேண்டுமா? எடுத்து வைக்கச் சொல்லவா?

மேரி சித்தி: எனக்கு ஒரு கிலோ சொல்லுங்கள் மதினி.

அருள்: அத்தை, இது முடியட்டும் 🙏

அருள்: பெரியப்பா, ஒரு சந்தேகம். இசையில் போய் சாவு இருக்குமா? சுரம் சுரம்தானே. வேகத்தைக் கூட்டி வாசித்தால் துள்ளல், மெதுவாக வாசித்தால் அழுகை. அதே மெட்டு.

சகாயம் பெரியப்பா: அதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரே மெட்டைச் சிரிக்கிற இடத்திலும் போடுவார்கள், ஆள் போன பிறகு அவன் நினைப்பு வருகிற இடத்திலும் போடுவார்கள். ரெண்டாவது தடவை கேட்கும்போது முதலில் சிரித்தது நினைவுக்கு வந்து தொண்டையை அடைக்கும். பின்னணி இசைக்கு வேலையே அதுதான். பாட்டு அப்படி இல்லை. பாட்டைப் படப்பிடிப்புக்கு முன்னாலேயே பதிவு பண்ணிவிடுவார்கள், நடிகர் அதற்கு வாயசைப்பார். பின்னணி இசை, படத்தை வெட்டி ஒட்டி முடித்த பிறகு வருவது. ரீ-ரெக்கார்டிங் என்பார்கள். இளையராஜா படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் தொடங்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று நோட்ஸ் எழுதிக் கொடுப்பார். அவள் திரும்பிப் பார்க்கிற நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. இன்னொருத்தருக்கு மாட்டினால் எங்கேயாவது பிடிக்கும்.

அருள்: அது உண்மைதான். நான் வாசித்துப் பார்த்தபோது அந்த இசைக்கு முடிவே இல்லை. பாட்டு என்றால் பல்லவிக்குத் திரும்பி வந்து நிற்கும். இது காட்சி வெட்டுகிற இடத்தில் அப்படியே அறுந்துவிடுகிறது. அவர்கள் நடந்து வர ரெண்டு நிமிடமாவது ஆகும். அதனால் நாலு தடவை திருப்பி வாசித்து, கடைசியில் நானாகவே ஒரு முடிவு போட்டேன்.

ஜோசப் மாமா குவைத்: அந்த முடிவு நன்றாகத்தான் இருந்தது மாப்பிள்ளை.

ஜெனி: இளையராஜாவுக்கே முடிவு எழுதிக் கொடுத்த எங்கள் தம்பி 👏

சகாயம் பெரியப்பா: நான் பாம்பனில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தபோது ஒரு பையன் வந்தான். கையில் வெற்று கேசட், சட்டைப் பையில் பாட்டு எழுதின தாள். எல்லாம் வழக்கமான பாட்டுகள்தான். கடைசி வரியில் மட்டும் ‘கார்த்திக் மியூசிக், பாட்டு இல்லாதது’ என்று எழுதியிருந்தான். படத்தின் கேசட்டில் அது கிடையாது. வாலி எழுதின அஞ்சு பாட்டுதான் இருக்கும். வாடகைக்கு வீடியோ கேசட் எடுத்து வந்து, டெக்கில் இருந்து வயர் இழுத்து டேப்பில் ஏற்றிக் கொடுத்தேன். இசையோடு கார்த்திக் பேச்சும், பைக் சத்தமும், வீடியோ தேய்ந்துபோன கரகரப்பும் சேர்ந்து வந்தது. அது போதும் அண்ணே என்று வாங்கிக்கொண்டு போனான். பேச்சில்லாமல் இசை மட்டும் தனியாகக் கேட்க அன்றைக்கு வழியே கிடையாது. அதனால் எங்களுக்கு அந்த இசை என்றால் கூடவே ஆளும் வந்துவிடுவான். உங்களுக்கு போனில் இசை மட்டும் தனியாக வந்துவிடுகிறது.

ஜெனி: சரி அப்பா, இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வெளியே வந்துவிட்ட இசை கேட்கிறவர்களுக்குத்தான் சொந்தம்.

ரெஜினா அத்தை: பாட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. அப்போதெல்லாம் இலங்கை வானொலிதான். மதுரை ஸ்டேஷன் இரைந்துகொண்டே இருக்கும், அக்கரைச் சத்தம் அடுத்த வீட்டில் பேசுகிற மாதிரி வரும். ‘பனிவிழும் இரவு’ போட்டால் அம்மா ரேடியோவை அணைத்துவிடுவாள், பிள்ளைகள் கேட்கிற பாட்டா இது என்று. நான் வாசலில் நின்று பக்கத்து வீட்டு ரேடியோவில் மீதியைக் கேட்பேன்.

ஜோசப் மாமா குவைத்: இது எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

மேரி சித்தி: பிஜிஎம் வேண்டாம். அதே படத்தில் நல்ல பாட்டு எதையாவது வாசி கண்ணு. ‘மன்றம் வந்த தென்றலுக்கு’ எல்லாக் கல்யாணத்திலும் போடுகிறார்களே. என் தங்கை கல்யாணத்தில்கூட ஆர்க்கெஸ்ட்ராக்காரர் பாடினார்.

சகாயம் பெரியப்பா: மேரி, அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று என்றைக்காவது கவனித்தாயா? கட்டின பெண்டாட்டி கிட்டேயே வர மாட்டேன் என்கிறாள், ‘உனக்கு மனசே இல்லையா’ என்று புருஷன் புலம்புகிறான். அதை மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிற பெண் மாப்பிள்ளைக்குப் பாடுகிறார்கள். நானும் கை தட்டியிருக்கிறேன், அது வேறு விஷயம்.

ஜெனி: 😂😂

அருள்: அப்போ ‘நிலாவே வா’?

ஜெனி: போகாதே போகாதே என்று கெஞ்சுகிற பாட்டு டா. அவள் விவாகரத்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மேரி சித்தி: இது என்ன படம்! பெயரைக் கேட்டால் நல்ல குடும்பப் படம் மாதிரி இருக்கிறது.

சகாயம் பெரியப்பா: நல்ல குடும்பப் படம்தான். 1986ல் சுதந்திர தினத்தன்று வந்தது. சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியது. சண்டை போடாத குடும்பம் எங்கே இருக்கிறது?

ஜோசப் மாமா குவைத்: மச்சான், ‘மன்றம் வந்த’ பாட்டுக்கு இங்கே ஒரு பஞ்சாயத்து நடந்தது. எங்கள் ரூமில் ஒரு லக்னோக்காரர். நான் அந்தப் பாட்டை முணுமுணுத்தால், ‘இது எங்கள் அமிதாப் படப் பாட்டு, நீ ஏன் தமிழில் பாடுகிறாய்’ என்கிறார். ‘சீனி கம்’ என்று 2007ல் வந்த இந்திப் படம், அமிதாப்பும் தபுவும். இயக்குநர் பால்கி. தேடிப் பார்த்தால் அதற்கும் இசை நம் இளையராஜாவேதான். தன் மெட்டைத் தானே இந்திக்குக் கொண்டு போயிருக்கிறார். மைக் மோகனுக்கு எஸ்.பி.பி. பாடினதைப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, ‘இதில் ஏதோ வலி இருக்கிறதே’ என்றார். வார்த்தை ஒன்றுகூட அவருக்குப் புரியாது.

ஜெனி: பார்த்தீர்களா அப்பா? இளையராஜாவே ஒரு படத்து மெட்டை எடுத்து வேறு ஜோடிக்குக் கொடுத்திருக்கிறார். அவரே சட்டையை மாற்றிப் போடலாம், அருள் போடக் கூடாதா?

சகாயம் பெரியப்பா: தையல்காரரே பிரித்துத் தைத்தால் பொருந்தும்.

சகாயம் பெரியப்பா: அதோடு அது பாட்டு மெட்டு. நான் பேசுவது பின்னணி இசையைப் பற்றி.

ஜெனி: தப்பிக்கிறார் 😄

அருள்: எனக்கு முடிவு தெரிய வேண்டும். இளையராஜா வேண்டாம் என்றால் ரஹ்மான் பக்கம் போய்விடுகிறேன். ‘கடல்’ படத்து ‘மூங்கில் தோட்டம்’ வாசிக்கட்டுமா? கடற்கரை ஊர்க் கல்யாணத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

ஜெனி: ‘நெஞ்சுக்குள்ளே’ இன்னும் நல்லது. சக்திஸ்ரீ பாடினதை மெதுவாக வாசித்தால் மண்டபமே அடங்கிவிடும்.

சகாயம் பெரியப்பா: மண்டபம் அடங்குமா? மீன்பிடித் தடைக்காலம் என்று விசைப்படகு அத்தனையும் கரையில் நிற்கிறது. ஊர் ஆண்பிள்ளைகள் மொத்தமும் மண்டபத்தில்தான் இருப்பார்கள். சவுண்டு சர்வீஸ்காரர் பாக்ஸ் வைத்தாலும் அவர்கள் பேச்சுதான் மேலே கேட்கும். மெல்லிசான இசை எடுபடாது தம்பி. அந்தப் பாட்டெல்லாம் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்க அழகு.

அருள்: இது மட்டும் ரொம்ப நியாயம். போன மாதம் பாம்பனில் ஒரு ரிசப்ஷனில் ஃபுளூட் டோனில் வாசித்தேன். எனக்கே கேட்கவில்லை.

ஸ்டெல்லா: இப்போதுதான் தையல் கடையில் இருந்து வந்தேன். இத்தனை மெசேஜா! என் கல்யாணத்துக்கு நான் எதில் நடக்க வேண்டும் என்று என்னைத் தவிர எல்லோரும் பேசியிருக்கிறீர்கள்.

மேரி சித்தி: நீ சொல்லு கண்ணு. செத்தவன் பாட்டு மட்டும் வேண்டாம்.

ஸ்டெல்லா: பெரியப்பா சொல்வது சரிதான். எனக்கு அந்தப் படத்தில் மனோகரைப் பிடிக்காது. காலேஜ் மைக்கில் எல்லோருக்கும் முன்னால் காதலைச் சொல்லி, அவள் சம்மதிக்கும் வரை விடாமல் துரத்துவது எல்லாம் பார்க்கத்தான் அழகு. இசை நன்றாக இருப்பதால் நமக்குத் தப்பாகத் தெரிவதில்லை. திவ்யாவைக் கட்டின சந்திரகுமார் பாவம், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவளை ஒரு வார்த்தை அதட்டவில்லை.

ஜெனி: அக்கா, இதை நான் யோசித்ததே இல்லை. அந்த இசையை எடுத்துவிட்டு மனோகரைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

சகாயம் பெரியப்பா: கார்த்திக் வருவது கொஞ்ச நேரம்தான். அதற்குள் ஊரையே மயக்கினான் என்றால் பாதி அவன் நடிப்பு, பாதி அந்த இசை. ஸ்டெல்லா சொன்னதை இத்தனை வருஷத்தில் என் கடைக்கு வந்த ஒருத்தரும் சொன்னதில்லை.

ஸ்டெல்லா: அதனால் அதே படத்தில் ‘சின்னச் சின்ன வண்ணக்குயில்’. ஜானகி அம்மா பாட்டு. திவ்யா தானாக மனசு மாறி, புருஷனை நினைத்து சந்தோஷமாகப் பாடுவது. யாரும் கெஞ்சவில்லை, யாரும் சாகவில்லை. மாப்பிள்ளையிடமும் கேட்டுவிட்டேன், அவருக்கும் பிடித்திருக்கிறது.

ரெஜினா அத்தை: அதுதான் சரி. தாளமும் நடக்கத் தோதாக இருக்கும்.

ஜெனி: எல்லாம் சரி. ஆனால் அந்தப் பாட்டு முடிந்த கையோடு சந்திரகுமார் அவளுக்கு மெட்ராஸுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுவாரே?

சகாயம் பெரியப்பா: கடைசியில் ரயிலை நிறுத்திக் கூட்டி வந்துவிடுவார். சுபம்.

ஸ்டெல்லா: மாப்பிள்ளை வீட்டார் புதுப் பாம்பன் பாலத்து வழியாக ரயிலில்தான் வருகிறார்கள். நிறுத்தாமல் வந்து சேர்ந்தால் போதும் பெரியப்பா.

அருள்: முடிவாகிவிட்டது. அக்கா, முதல் இடையிசையை விட்டுவிட்டுப் பல்லவி, ஒரு சரணம், மறுபடி பல்லவி. நடக்கிற நேரத்துக்குச் சரியாக இருக்கும். தபேலாவுக்கு ஒரு ஆள் கிடைத்தால் நன்றாக இருக்கும். எலக்ட்ரானிக் பேட் வைத்து வாசித்தால் பாட்டு செத்துவிடும்.

சகாயம் பெரியப்பா: மண்டபத்தில் செலவு கேட்டால் என் பெயரைச் சொல். தபேலாவுக்கு நான் தருகிறேன்.

அருள்: நன்றி பெரியப்பா. அப்புறம் கார்த்திக் பிஜிஎம் பயிற்சி வீணாகப் போக வேண்டாமே. பந்தி நடக்கும்போது சும்மா வாசித்துக்கொள்ளட்டுமா?

சகாயம் பெரியப்பா: பந்தியில் வாசி. பிரியாணி வந்துவிட்டால் யார் காதிலும் எதுவும் விழாது.

மேரி சித்தி: பந்தியிலும் வேண்டாம்.

அருள்: சரி சித்தி.

ரெஜினா அத்தை: மேரி, நண்டு எடுத்து வைத்துவிட்டார்கள். பையனை அனுப்பு, ஐஸ் கரைகிறது.