டிரை ஹாப்பிங் செய்தவர்கள் வாருங்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் பலரும் ஹாப்ஸை (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப் பூ) அடுப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். கொதியில் போட்டால் ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தரும். ஆனால் மணம் தரும் எண்ணெய்களில் பெரும்பங்கு ஆவியோடு போய்விடும். நொதித்த பீரில் நேரடியாக ஹாப்ஸ் போடுவதுதான் டிரை ஹாப்பிங். அப்படிப் போட்டவர்கள், என்ன மணம் வந்தது, என்ன வம்பு வந்தது என்று சொல்லுங்கள்.

நானே தொடங்கிவைக்கிறேன். ஒரே வோர்ட் (நொதிக்காத மால்ட் சாறு), ஒரே ஈஸ்ட், இரண்டு ஃபெர்மென்டர் (நொதிக்கலன்). இரண்டிலும் லிட்டருக்கு 4 கிராம் கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகை, பெல்லட்டாக (அரைத்து இறுக்கிய குளிகை). ஒன்றைச் சீக்கிரமே பாட்டிலில் அடைத்தேன், மற்றதை ஹாப்ஸோடு வாரக்கணக்கில் விட்டுவைத்தேன். முதலாவதைத் திறந்ததும் எலுமிச்சைத் தோலைக் கிள்ளி முகர்ந்த மாதிரி இருந்தது. இரண்டாவதில் அந்த வாசனை பின்னுக்குப் போய், வெட்டிப்போட்ட புல் வாடையும் நாக்கில் துவர்ப்பும் நின்றன. பெல்லட் கரைந்து தூளாகிவிடுவதால் எண்ணெய் பெரும்பாலும் முதல் நாளிலேயே இறங்கிவிடுகிறது. அப்புறம் இறங்குவது பூவின் பச்சைப் பாகத்துச் சாறுதான்.

---

எத்தனை நாள் என்பதைச் சொன்னீர்கள், அளவைப் பற்றி நான் சொல்கிறேன். அளவைக் கூட்டினால் மணம் கூடிக்கொண்டே போகும் என்று எல்லாரும் நினைக்கிறோம். ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கேஸ்கேட்டை வைத்து இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டியதும் சிட்ரஸ் மணம் பெரிதாகக் கூடவில்லை, மூலிகை, தேயிலை வாடைதான் முன்னால் வந்தது. நண்பர் ஒருவர் அதைவிட இரண்டு மடங்கு போட்ட ஹேஸி ஐபிஏ (கலங்கலான, ஹாப்ஸ் மணம் தூக்கலான பீர்) ஒன்றை ஊற்றிக்கொடுத்தார். மூக்குக்கு மாம்பழம், தொண்டைக்கு எரிச்சல். கோப்பையின் அடியில் பச்சைத் துகள் படிந்திருந்தது தெரிந்தது. அதே பீரைக் குளிரில் சில வாரம் வைத்து மறுபடி கொடுத்தபோது எரிச்சல் அடங்கியிருந்தது. அத்தனை ஹாப்ஸும் வீண்செலவு என்பதே என் கட்சி.

இன்னொன்று, கொதிக்காததால் கசப்பே ஏறாது என்று இருக்க வேண்டாம். ஹாப்ஸில் ஏற்கெனவே இருக்கும் ஹியூமுலினோன்கள் என்ற கசப்புப் பொருட்கள் குளிர்ந்த பீரிலும் கரையும்.

---

எனக்கு வாய்த்தது நீரூற்று! அன்பளிப்பாக வந்த பேல் ஏல் பீர் பாட்டில். மூடி நெகிழ்ந்ததுமே நுரை பொங்கி, பாட்டிலில் பாதிகூட மிஞ்சவில்லை. எங்காவது கிருமி புகுந்திருக்கும் என்றுதான் முதலில் பட்டது. ஆனால் புளிப்பே இல்லை. ருசி சுத்தமாக இருந்தது, லேசாக வெண்ணெய் வாடை மட்டும்.

காய்ச்சியவரிடம் விசாரித்தேன். கிராவிட்டி (சர்க்கரை தீரத் தீர இறங்கும் அடர்த்தி எண்) 1.012இல் அசையாமல் நின்றிருக்கிறது. ஹாப்ஸ் போட்டு, எடுத்து, மறுபடி அளக்காமல், வாயு பிடிக்கச் சர்க்கரை சேர்த்து அடைத்துவிட்டார். மிச்சம் இருந்த பாட்டில் ஒன்றை வாயு நீக்கி அளந்தால் 1.008. அந்த 4 புள்ளி (0.004) இறக்கம் போதும், பாட்டிலுக்குள் வாயு கிட்டத்தட்ட இரட்டிப்பாக.

காரணம் ஹாப்ஸேதான். கொதிக்காத ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் உயிரோடு இருக்கின்றன. ஈஸ்டால் தின்ன முடியாமல் விட்ட டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துண்டுகளை அவை சர்க்கரையாக நறுக்கிப் போடுகின்றன, தூங்கிய ஈஸ்ட் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. வெண்ணெய் வாடை, அந்த இரண்டாம் நொதிப்பு விட்டுச்செல்லும் டயாசெட்டில். ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி இப்போது பேசுகிறார்கள், பிரவுன், மாரிஸ் என்ற ஆங்கிலேய வேதியியலர்கள் 1893லேயே இதை எழுதிவிட்டார்கள். ஆகவே ஹாப்ஸ் போட்ட பிறகும் ஹைட்ரோமீட்டரை எடுத்துக் கிராவிட்டியை அளங்கள். சில நாள் இடைவெளியில் இரண்டு தடவை ஒரே எண் வந்தால்தான் பாட்டில். கண்ணாடி வெடித்தால் விளையாட்டில்லை.

---

நாய் வளர்க்கிறவர்கள் கவனிக்க: ஹாப்ஸ் நாய்க்கு விஷம். பீரில் ஊறி எடுத்த சக்கையும்தான். உடல் சூடு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். என் நண்பர் வீட்டு நாய் குப்பைக் கூடையில் மூக்கை விட்டபோது, நல்லவேளையாக, பையின் முடிச்சு இறுகியிருந்தது. சக்கையை மூடி போட்ட தொட்டியில் போடுங்கள். உரக்குழி திறந்திருந்தால் அதிலும் வேண்டாம்.

---

பாட்டில் கதை எழுதியவர் கிருமியைச் சந்தேகித்தது இயல்புதான், ஆனால் ஹாப்ஸ் வழியாகப் பீர் கெட்டதை நான் பார்த்ததில்லை. ஆல்கஹாலும் குறைந்த பி.எச்.சும் காவல் நிற்கின்றன, ஹாப்ஸும் கிருமிக்கு எதிரிதான். நான் பயப்படுவது காற்றுக்கு. வெளிர்மஞ்சளாக இருந்த ஹேஸி ஐபிஏ, பாட்டிலில் ஒரு மாதத்துக்குள் ஊதா கலந்த பழுப்பாகி, பழமணம் போய் நனைந்த அட்டை வாடை வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் நொதிப்பு முழுசாக அடங்கும் முன்பே, ஏர்லாக்கில் (வாயு வெளியேறும் நீர்ப்பூட்டு) குமிழி மெதுவாக வரும்போதே ஹாப்ஸைப் போட்டுவிடுவேன். உள்ளே நுழையும் ஆக்சிஜனை ஈஸ்ட் விழுங்கிக்கொள்ளும். ஹாப்ஸின் ஜெரானியால் என்ற மணப்பொருளை ஈஸ்ட் சிட்ரோனெல்லோல் என்ற வேறொன்றாக மாற்றும் என்பது உண்மைதான், ஆனால் அதை மூக்கால் பிரித்தறிந்தேன் என்பவர்களை நான் நம்புவதில்லை. பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வாயு நிறைந்த பீரில் மொத்தமாகக் கொட்டினால் ஒவ்வொரு துகளிலும் குமிழி பிடித்து நுரை மூடியைத் தள்ளும். குளிர்விக்கும்போது ஃபெர்மென்டர் ஏர்லாக் வழியாக வெளிக்காற்றை இழுக்கும், அதையும் மறக்காதீர்கள்.

---

நுரை விஷயம் நிஜம், மேல்கூரை வரை போயிருக்கிறது :) ஒரு சந்தேகம்: பிரித்துவைத்த பாக்கெட்டில் மிச்ச ஹாப்ஸ் பாலாடைக்கட்டி மாதிரி வாடை அடிக்கிறது. போடலாமா?

---

வேண்டாம் சார். அது ஐசோவலரிக் அமிலம், பழைய ஹாப்ஸ் காற்றுப் பட்டால் வருவது. டிரை ஹாப்பிங்கில் அந்த வாடை அப்படியே பீருக்குப் போகும். தூக்கிப் போடுங்கள். அடுத்த பாக்கெட்டைக் காற்றை வெளியேற்றி, இறுக மூடி ஃப்ரீசரில் வையுங்கள்.