தூசி தட்டிய திரிகள்

இணைய மன்றத்தில் பழைய திரியை (ஒரு பதிவும் அதன் கீழ் வரும் பதில்களும்) யாராவது புதுப் பதில் போட்டுத் தோண்டி மேலே கொண்டுவந்தாலே சிலருக்கு எரிச்சல் வரும். எனக்கு, வந்தவர் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துத் திரி ஒன்று. தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். கன்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குப் போய் ஒரு டிக் போட்டு, சிடியிலிருந்து நிறுவச் சொன்னார்கள். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். பல வருடம் கழித்து ஒரு புதியவர், "எனக்கும் இதே பிரச்சினை, தீர்வு கிடைத்ததா?" என்றார். அவருடையது ஆண்ட்ராய்டு போன். அதைக்கூடக் கேட்காமல், தேதியும் பார்க்காமல், சிடி இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள் நம்மவர்கள்!

இன்னொரு திரி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு பற்றியது. பாமினியில் அடித்த கட்டுரைகளை இன்று எங்கும் புழங்கும் யூனிகோடு முறைக்கு மாற்றினால், நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழாகி உளறுகின்றன என்பது கேள்வி. பாமினியில் 'அ' என்று நாம் பார்ப்பது, கோப்புக்குள் வெறும் ஆங்கில 'எம்'தான். எது தமிழ், எது ஆங்கிலம் என்று மாற்றும் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? திரி அப்படியே நின்றுபோயிருந்தது. ரொம்ப நாள் கழித்து ஒருவர் வந்து, வேர்டில் தேடும்போது எழுத்துரு பாமினி என்று கொடுத்து, அகப்படுவதை மட்டும் எடுத்து மாற்றுங்கள் என்று எழுதினார். கேட்டவர் திரும்பி வரவில்லை. ஆனால் அதன் கீழே இன்றும் நன்றி விழுகிறது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இப்படிப்பட்டவருக்குப் பட்டமே உண்டு: 60 நாளுக்கு மேல் பழசான கேள்விக்குப் பதில் எழுதி 5 புள்ளி வாங்கினால் 'நெக்ரோமான்சர்', அதாவது செத்தவரை எழுப்பும் மந்திரவாதி.

சரி, உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

மறுமொழி 1:
தமிழ் விக்கிப்பீடியா பேச்சுப் பக்கம் ஒன்றில் பார்த்தது. கிரந்த எழுத்து பற்றிய பழைய வாக்குவாதம், எப்போதோ ஆறிப்போனது. புதிதாக வந்த தம்பி ஒருவர் அதன் நடுவில் புகுந்து, "நீங்கள் சொல்வது தவறு ஐயா" என்று எழுதிவைத்தார். நடுவில் செருகினால் யார் யாருக்கு, எப்போது பதில் சொன்னார்கள் என்பதே குழம்பிவிடும். மூத்த பயனர் ஒருவர் திட்டவில்லை. அந்த வரியை எடுத்துக் கீழே புதிய தலைப்பில் போட்டு, பழைய உரையாடலுக்கு இணைப்பும் கொடுத்து, "இங்கே பேசலாம் வாங்க" என்றார். தம்பியும் அதன்பிறகு சான்றோடு பேசினார். யாரும் எழுத முடியாதபடி பக்கத்துக்குப் பூட்டுப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மறுமொழி 2:
எங்கள் பக்கம் சண்டையெல்லாம் இல்லைங்க. நண்பர் ஒருவரின் கல்யாண அறிவிப்பை யாரோ இப்போதுதான் பார்த்து, "இல்லறம் சிறக்க வாழ்த்துகள்" என்று போட, திரி மேலே வந்தது. பின்னாலேயே வரிசையாக வாழ்த்து. கடைசியில் மாப்பிள்ளையே வந்தார்: "நன்றி. பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான், அவனுக்கும் சேர்த்து வாழ்த்திடுங்க."