புதுப்பிப்பு: ஹேமக் மேல் கட்டிய தார்ப்பாய், ஒழுகல் நின்றுவிட்டது

திருவொற்றியூர் மொட்டை மாடியில், இரண்டு தூணுக்கு நடுவே கட்டிய 10 அடி ஹேமக் (துணித் தொங்கு படுக்கை). மேலே தார்ப்பாய் இருந்தும் முதுகு நனைகிறதே என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது "கயிற்றில் திரி கட்டுங்க" என்ற யோசனைதான். தண்ணீர் தார்ப்பாய் வழியாக வரவில்லை. தூணிலிருந்து ஹேமக் கயிற்றைப் பிடித்தே இறங்கி வந்திருக்கிறது. இரு பக்கமும், துணிக்கு ஒரு சாண் முன்னால், தார்ப்பாயின் நிழலுக்குள்ளேயே பழைய பனியன் துணியை இறுக்கி முடிந்து 4 அங்குலம் தொங்கவிட்டேன். தண்ணீர் அதன் நுனியில் சொட்டிப் போய்விடுகிறது.

தார்ப்பாய்க்குத் தனிக் கயிறு கட்டியதும் சரியான முடிவு. ஹேமக் கயிற்றுக்கு மேலே, 6 மி.மீ. கயிறு, அதன்மேல் 12க்கு 10 அடி தார்ப்பாய், நீளவாக்கில். 3 மி.மீ. கயிற்று வளையத்தை அந்த 6 மி.மீ. கயிற்றில் மூன்று சுற்று சுற்றி, தார்ப்பாயின் முனைகளை அதில் மாட்டினால், வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம், இழுத்தால் வழுக்காது.

எதிர்பாராதது: தார்ப்பாய்க்கு முதலில் கட்டிய நைலான் கயிறு நனைந்ததும் நீண்டு, தார்ப்பாய் தொய்ந்து, நடுவில் தண்ணீர் குளம் கட்டியது. பாலியெஸ்டர் கயிறு மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

வடகிழக்குப் பருவமழைச் சாரல் கடல் பக்கமிருந்துதான் அடிக்கும். அந்தப் பக்க ஓரத்தை ஹேமக்கின் அடிமட்டத்துக்கும் கீழே இறக்கிக் கட்டுங்கள். மூலைக் கயிறுகளுக்குத் தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேன். அந்தக் கயிறுகளின் நடுவே சைக்கிள் டியூப் துண்டு ஒன்று இருந்தால் காற்று உதறும்போது தார்ப்பாயின் ஓட்டை வளையம் பிய்யாது. புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் மொத்தத்தையும் அவிழ்த்துவிடுங்கள்.