பாம்பனில் 3 வயதுப் பிள்ளை: தெருப் பால்வாடியா, வேனில் போகும் நர்சரியா?

பாம்பன் அம்மா:
மகளுக்கு ஜூனில் 3 வயது முடிகிறது. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். நான் கருவாட்டு வேலைக்குப் போனால் திரும்ப மதியம் ஆகிவிடும். இரண்டு தெரு தள்ளி பால்வாடி இருக்கிறது. பாலம் தாண்டி மண்டபம் பக்கம் ஒரு இங்கிலீஷ் நர்சரி, வேன் வாசலுக்கே வரும். மாமியார் பால்வாடி என்கிறார், நாத்தனார் நர்சரி என்கிறார். பிள்ளை சேர்த்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபத்தான்:
நர்சரிதான் தங்கச்சி, யோசிக்காதீர்கள். என் மூத்தவன் பால்வாடியில் இருந்தான். டீச்சருக்கு இன்றைக்கு மீட்டிங், நாளைக்கு வாக்காளர் பட்டியல் வேலை. ஆயாம்மா ஒருவரே சமைக்கவும் வேண்டும், பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். சோறு, தூக்கம், வீடு. ஒன்றாம் வகுப்பில் பக்கத்துப் பையன் ஏபிசிடியைக் கடகடவென்று சொன்னபோது இவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். சின்னவனை நர்சரியில் போட்டேன். இப்போது பஸ் போர்டை அவனே வாசிக்கிறான்.

தங்கச்சிமடம் அக்கா:
அண்ணே, நான் நர்சரியில் போட்டு அழுதவள். காலை ஏழே முக்காலுக்கு வேன். பெரிய பிள்ளைகள் மடியில்தான் என் மகளுக்கு இடம். ஒன்றுக்கு வந்தால் இங்கிலீஷில்தான் கேட்க வேண்டுமாம். அவளுக்கு வாய் வரவில்லை, வீடு வரும்வரை அடக்கியே வைத்திருந்திருக்கிறாள். சிறுநீரில் தொற்று என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. தமிழில் "மிஸ், ஒன்னுக்கு" என்று சொல்ல விடாத இடத்தில் 3 வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை?

அப்புறம் பால்வாடிக்கு மாற்றினேன். வாரம் 3 நாள் முட்டை. ஆயாம்மா உரித்து, உப்புத் தொட்டு, பாதியாகப் பிய்த்துக் கையில் கொடுப்பார். வீட்டில் முட்டையைத் தொடாதவள் அங்கே தின்கிறாள்.

பணத்தையும் பாருங்கள் தங்கச்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் கிடக்கும். பள்ளிக்கூடம் பீஸ் கேட்பதும் அதே ஜூனில்தான். வட்டிக்கு வாங்கித்தான் கட்டினோம்.

மண்டபத்தான்:
உங்கள் பிள்ளைக்கு நடந்தது கொடுமை அக்கா, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு பள்ளி அப்படி என்றால் எல்லாம் அப்படியா? பீஸ் பயம் என்றால் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இலவச இடம் எல்கேஜிக்கே உண்டு. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாமே.

தங்கச்சிமடம் அக்கா:
அந்த இடம் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளியில்தான் கேட்க முடியும். பாம்பனில் இருப்பவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் எப்படிக் கேட்பார்? சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தவும் பொருந்தாது. நம் கரையில் அப்படிப் பள்ளிகள் நிறைய என்பது உங்களுக்கே தெரியும்.

தேவிபட்டினம் டீச்சர் (ஓய்வு):
30 வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் சொல்கிறேன். மண்டபத்துத் தம்பி, உங்கள் மகன் பின்தங்கியது ஏபிசிடி தெரியாததால் இல்லை, அவனிடம் யாரும் உட்கார்ந்து பேசாததால். 3 வயதுக் கைக்குப் பென்சில் வேண்டாம். சோழியையும் சிப்பியையும் கொட்டிப் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள், கதை சொல்லுங்கள். அப்படி வளர்ந்த பிள்ளை என் வகுப்பில் சீக்கிரம் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைச் செய்கிற டீச்சர் எங்கே இருக்கிறாரோ அங்கே போடுங்கள்.

கட்டிடத்தையும் பார்க்காமல் சேர்க்காதீர்கள். 2004இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்து போனார்கள். மேலே கீற்று இருக்கிறதா, வெளியே போக எத்தனை வழி, அடுப்பு பிள்ளைகள் இருக்கும் அறையிலேயே எரிகிறதா? பால்வாடியானாலும் சரி, நர்சரியானாலும் சரி, இதைக் கேளுங்கள். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள், நம் ஊர் உப்புத் தண்ணீர் பிள்ளை வயிற்றுக்கு ஆகாது.

மண்டபத்தான்:
டீச்சரம்மா சொல்வது சரி, அவனிடம் யாரும் பேசவில்லைதான். ஆனால் டீச்சர் வராத பால்வாடியில் யார் பேசுவது? அதற்குத்தான் நான் காசு கட்டினேன்.

பாம்பன் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. நாளைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். பதினொரு மணிக்குச் சொல்லாமல் பால்வாடிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காரப் போகிறேன். அண்ணன் சொன்ன மாதிரி டீச்சர் இல்லையென்றால் மறுநாளும் போய்ப் பார்ப்பேன். நர்சரிக்காரர்களிடம் போனில் கேட்டேன், வகுப்புக்குள் பெற்றோரை விடமாட்டார்களாம். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மண்டபத்தான்:
மறுநாளும் டீச்சர் இல்லையென்றால் இங்கே எழுதுங்கள் தங்கச்சி. சின்னவன் படிக்கும் இடத்தில் உள்ளே விடுவார்கள், நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.