அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு லாங்குவேஜ் ஆர்ட்ஸ்: வருஷம் முழுக்க என்ன படிக்கிறாங்க, வீட்டில் நாம என்ன செய்யலாம்?

கேள்வி:

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து ஜூலையில்தான் சான் ஹோசே பக்கம் குடிவந்தோம். மகள் ஆறாம் வகுப்பு. ஊரில் சி.பி.எஸ்.இ., இங்கிலீஷில் எப்பவும் தொண்ணூறுக்கு மேலதான் வாங்குவா. இங்கே இங்கிலீஷ்னு தனியா ஒரு பாடமே இல்லை, லாங்குவேஜ் ஆர்ட்ஸ்னு சொல்றாங்க. டெக்ஸ்ட்புக் வீட்டுக்கு வரலை. நோட்ஸும் கிடையாது. முதல்ல எழுதிக் கொடுத்த கட்டுரைக்கு நாலுக்கு ரெண்டு போட்டு, பக்கத்தில் 'எவிடென்ஸ் எங்கே?'ன்னு டீச்சர் எழுதியிருக்காங்க. இலக்கணப் பிழை ஒண்ணுகூட இல்லை, அப்புறம் ஏன் ரெண்டுன்னு அழறா. என்ன சொல்லித் தர்றாங்கன்னு எங்களுக்கே பிடிபடலை. பிள்ளைகளை இங்கே படிக்க வெச்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்களேன்.

பதில்:

வாங்கம்மா. என் ரெண்டு பிள்ளைகளும் இங்கே கலிபோர்னியாவில்தான் ஆறாம் வகுப்பு படிச்சு முடிச்சாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். அந்த ரெண்டைப் பார்த்துக் கலங்காதீங்க. டீச்சர் எழுதின அந்த ஒரு வரியிலேயே இந்த வருஷத்துப் பாடம் பெரும்பாலும் அடங்கிப் போச்சு.

ஊரில் ஒரு பாடத்தை நடத்துவாங்க, பாடத்துக்குப் பின்னால இருக்கிற கேள்விகளுக்குப் பதில் எழுதிப் போடுவாங்க, பரீட்சையில் அதையே எழுதுவோம். இங்கே பிள்ளை இதுவரைக்கும் பார்த்தே இராத ஒரு பத்தியைக் கொடுத்து, 'இதில் வர்ற பையன் எப்படிப்பட்டவன்?'னு கேப்பாங்க. 'அவன் தைரியசாலி'ன்னு எழுதினா கால்வாசிதான் முடிஞ்சிருக்கு. எந்த வரியை வெச்சு அப்படிச் சொல்றேன்னு அந்த வரியை எடுத்துக் காட்டணும். அந்த வரி எப்படித் தைரியத்தைக் காட்டுதுன்னும் எழுதணும். நம்ம பிள்ளைகள் பலரும் வரியை எடுத்துப் போட்டதோட நிறுத்திடுவாங்க. மார்க் போறது அதுக்கு அடுத்த வாக்கியத்தில். கேள்வியைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லு, பதில் சொல்லு, வரியைக் காட்டு, விளக்குன்னு நாலு படியா இதைச் சொல்லித் தருவாங்க. அதுக்கு ரேஸ்னு ஒரு சுருக்கப்பேர் உண்டு. உங்க டீச்சர் வேற பேர் வெச்சிருக்கலாம், விஷயம் ஒண்ணுதான்.

இன்னொரு ஆறுதலும் இருக்கு. கலிபோர்னியா 2010-ல் காமன் கோர்னு ஒரு பாடத்திட்ட அளவுகோலை ஏத்துக்கிச்சு, இன்னும் அதுதான் நடப்பில் இருக்கு. அதில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் பிள்ளைகள் எழுதறதுக்கு 'ஒப்பீனியன்'னு பேர். என் கருத்து இது, காரணம் இதுன்னு எழுதினா போதும். ஆறாவதில் அது 'ஆர்க்யுமென்ட்' ஆயிடுது. கிளெய்ம்னு ஒரு நிலைப்பாட்டைச் சொல்லி, படிச்ச ஆதாரத்திலிருந்து அதை நிறுத்திக் காட்டணும். எதிர்த்தரப்பு என்ன சொல்லும்னு சேர்த்து எழுதறது ஏழாவதில்தான் வரும். அப்படின்னா இந்த வருஷம் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் இது புதுசு. உங்க மகள் பின்தங்கி வந்து சேரலை, எல்லாரும் ஒண்ணா ஆரம்பிக்கிற இடத்தில்தான் சேர்ந்திருக்கா.

வருஷம் எப்படிப் போகும்னா, ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் வரிசையை மாத்திக்கும். நான் பார்த்த வரைக்கும் ஆகஸ்டு, செப்டம்பரில் சொந்த அனுபவத்தைக் கதையா எழுதச் சொல்வாங்க. ஆரம்பம், உரையாடல், நேரம் நகர்றதைக் காட்டற சொற்கள், கண்ணால காதால உணர்ற விவரங்கள்னு பார்ப்பாங்க. இதில் நம்ம பிள்ளைகளுக்குக் கைநிறைய சரக்கு இருக்கும். பாட்டி வீடு, பொங்கல், ரயில் பயணம்னு எழுதட்டும், 'அமெரிக்காவில் நடந்ததைத்தான் எழுதணுமோ'ன்னு தயங்க வேண்டாம். அதுக்கப்புறம் வகுப்பே சேர்ந்து ஒரு நாவல் படிக்கும். குளிர்காலத்தில் கதையல்லாத கட்டுரைகள், விளக்கக் கட்டுரை, அப்புறம் ஆர்க்யுமென்ட். ஏப்ரல் இங்கே தேசியக் கவிதை மாதம்கிறதால பல வகுப்புகளில் கவிதை அப்போ வரும். நடுவில் ஒரு சின்ன ஆராய்ச்சி வேலை உண்டு. பல இடங்களிலிருந்து தகவல் எடுத்து, எந்த இடம் நம்பத்தகுந்ததுன்னு பார்த்து, எங்கிருந்து எடுத்தோம்னு கடைசியில் பட்டியல் போடணும்.

கதை படிக்கறப்போ மூணு விஷயம் திரும்பத் திரும்ப வரும்: தீம், சுருக்கம், யாருடைய பார்வையில் கதை சொல்லப்படுதுங்கிறது. இதுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கலாம், அதுவும் தமிழிலேயே. பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்குங்க. 'இந்தக் கதையோட தீம் என்ன?'ன்னு கேளுங்க. 'முகஸ்துதி'ன்னு சொன்னா அது வெறும் தலைப்புதான், தீம் ஆகாது. 'புகழ்ச்சியில் மயங்கினவங்க கையில் இருக்கிறதை விட்டுடுவாங்க'ன்னு முழு வாக்கியமா வந்தால்தான் தீம். எதை வெச்சுச் சொல்றேன்னு கேட்டா, நரி 'உன் குரல் எவ்வளவு இனிமை, ஒரு பாட்டுப் பாடேன்'னு சொல்ற இடத்தைக் காட்டணும். இன்னொரு பிள்ளை 'திருடின பொருள் நிலைக்காது'ன்னு சொல்லும். அதுவும் சரிதான், காக்கா பாட்டியிடமிருந்து வடையைத் தூக்கினதுதான் அதுக்கு ஆதாரம். ரெண்டு பதிலுக்கும் முழு மார்க் உண்டு. 'சரியான பதில் எது?'ன்னு தேடிப் பழகின நமக்கு இதை ஏத்துக்கக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

அடுத்து, அதே கதையை நாலு வாக்கியத்தில் சுருக்கச் சொல்லுங்க. 'முட்டாள் காக்கா வாயைத் திறந்தது'ன்னு சொன்னா நிறுத்துங்க. 'முட்டாள்'ங்கிறது சொல்றவங்க கருத்து, சுருக்கத்தில் அது வரக்கூடாதுன்னு ஆறாம் வகுப்பு அளவுகோலே சொல்லுது. அப்புறம் காக்காவே கதை சொன்னா எது மாறும், பாட்டி சொன்னா எது விட்டுப்போகும்னு பேசுங்க. சாப்பிட உட்கார்றப்போ பத்து நிமிஷம் போதும். 'எதை வெச்சுச் சொல்றே?'ங்கிற கேள்வி பழகிட்டா, அந்த யோசனை பள்ளியில் இங்கிலீஷில் எழுதறப்பவும் கூடவே வரும். பிள்ளைக்கு இங்கிலீஷ் வரணும்னு வீட்டில் தமிழை நிறுத்திடாதீங்க. ஆழமா யோசிச்சுப் பேச உங்களுக்கும் அவளுக்கும் எது சுலபமோ அந்த மொழியில் பேசறதுதான் இந்தப் பாடத்துக்கு நீங்க செய்யற பெரிய உதவி. இதை மனசார நம்பிச் சொல்றேன்.

இலக்கணம் இருக்கு, ஆனா தனிப் பாடமா அதிகம் வராது. ஆறாவதில் பிரதிப்பெயர்ச் சொற்கள்தான் முக்கியம்: எழுவாயா வர்றது எது, செயப்படுபொருளா வர்றது எது, 'அவன்'னு எழுதினா எவன்னு தெளிவா இருக்கா. காற்புள்ளியும் சின்னக் கோடும் போட்டு நடுவில் ஒரு தகவலைச் செருகற விதம் வரும். கிரேக்க, லத்தீன் வேர்ச்சொற்கள் வரும். ஆடியன்ஸ், ஆடிபிள் ரெண்டுக்கும் ஒரே வேர்னு கண்டுபிடிக்கிற மாதிரி. தமிழில் பகுதி, விகுதி பிரிச்சுப் படிச்ச அப்பா அம்மாவுக்கு இதைச் சொல்லித் தர்றது கஷ்டமே இல்லை. ஊரில் படிச்ச பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலை மட்டும் மாத்திக்கணும். கலர், ஃபேவரிட் மாதிரி சொற்களில் இங்கே 'யு' எழுத்து வராது. முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் மேற்கோள் குறிக்கு உள்ளேதான் வரும். ஸ்பெல்லிங் பீயில் நம்ம பிள்ளைகள் ஜெயிக்கிறதைப் பார்த்து, மொழிப்பாடம்னா அதுதான்னு சொல்பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்கிறவங்க உண்டு. அது தனிப் போட்டி. ஆர்வம் இருந்தா சேரட்டும், வகுப்பு மார்க்குக்கு அது உதவாது.

தட்டச்சு விஷயத்தை யாருமே சொல்ல மாட்டாங்க. ஒரே அமர்வில் குறைஞ்சது மூணு பக்கம் தட்டச்சு செய்யணும்னு ஆறாம் வகுப்பு அளவுகோலில் எழுதியே இருக்கு. ஊரில் கையால எழுதிப் பழகின பிள்ளை குரோம்புக்னு சொல்ற சின்ன லேப்டாப்பில் ரெண்டு விரலால தேடித் தேடி அடிக்கறப்போ, யோசிச்சது பாதி மறந்துடும். தினமும் கொஞ்ச நேரம் தட்டச்சு பழகட்டும். மே மாசம் வாக்கில் வர்ற மாநிலத் தேர்வும் கணினியில்தான். கலிபோர்னியாவில் அதை காஸ்ப்னு சொல்வாங்க, மூணிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் வருஷா வருஷம் உண்டு. அதில் ஒரு பகுதி, சில கட்டுரைகளைப் படிச்சு அவற்றிலிருந்தே ஆதாரம் எடுத்து ஒரு முழுக் கட்டுரை எழுதறது. வருஷம் முழுக்கப் பழகினதுதான் அங்கேயும் வரும், தனியா டியூஷன் தேட வேண்டாம்.

கட்டுரையை எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ரூப்ரிக்கைப் பார்க்கச் சொல்லுங்க. எதுக்கு எவ்வளவு மார்க்னு ஒரு கட்டம் போட்டு கூகுள் கிளாஸ்ரூமில் வெச்சிருப்பாங்க. நாலு வாங்க என்ன வேணும்னு அதிலேயே எழுதியிருக்கும். ரெண்டு வாங்கின கட்டுரையையும் அந்தக் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சு, எது விட்டுப்போச்சுன்னு அவளே கண்டுபிடிக்கட்டும். பல டீச்சர்கள் திருத்தி மறுபடி கொடுத்தா மார்க்கை மாத்துவாங்க, கேட்டுப் பார்க்கச் சொல்லுங்க. அவளே மின்னஞ்சல் எழுதிக் கேட்கட்டும். மிடில் ஸ்கூலில் பிள்ளைங்க தானே கேட்கிறதை டீச்சர்கள் விரும்புவாங்க.

நீங்க உட்கார்ந்து கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொடுக்காதீங்க. கூகுள் டாக்ஸில் யார் எப்போ என்ன மாத்தினாங்கங்கிறது டீச்சருக்குத் தெரியும். அதை விடப் பெரிய நஷ்டம், பிள்ளைக்கு எங்கே உதவி வேணும்னே டீச்சருக்குத் தெரியாமப் போறது. இணையத்திலிருந்து ஒரு வரி எடுத்தாலும் எங்கிருந்துன்னு குறிப்பிடணும். ஊரில் சாதாரணமா விட்டுடற விஷயத்தை இங்கே திருட்டாவே பார்ப்பாங்க. ஏ.ஐ. கருவிகளை எது வரைக்கும் பயன்படுத்தலாம்னு ஒவ்வொரு டீச்சரும் வேற வேற விதி வெச்சிருக்காங்க, வருஷ ஆரம்பத்திலேயே கேட்டுக்குங்க.

கேள்வி:

ரொம்ப நன்றி அக்கா, மனசு லேசாச்சு. இன்னொண்ணு. அட்மிஷன் படிவத்தில் வீட்டு மொழி தமிழ்னு எழுதினோம். இப்போ அவளுக்கு எல்பேக்னு ஒரு தேர்வு வெச்சிருக்காங்க. இங்கிலீஷ்னு எழுதியிருந்தா இது வந்திருக்காதுன்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க. தப்பு பண்ணிட்டோமா?

பதில்:

உண்மையை எழுதினது சரிதான்மா. பிள்ளை முதலில் பேசின மொழி, வீட்டில் அதிகம் பேசற மொழின்னு அந்தப் படிவத்தில் கேட்டிருப்பாங்க. இங்கிலீஷ் தவிர வேற மொழி எழுதினா, சேர்ந்த 30 நாளுக்குள் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நாலிலும் தேர்வு வைக்கணும்கிறது இங்கே விதி. நல்லா செஞ்சா 'இங்கிலீஷ் சரளமா வரும்'னு பதிஞ்சுட்டு விட்டுடுவாங்க. இல்லைன்னா இங்கிலீஷ் வளர்ச்சிக்குன்னு கூடுதல் உதவி கொடுப்பாங்க. அது அவளுக்குக் கிடைக்க வேண்டிய உரிமை, அவமானம் ஒண்ணும் இல்லை. ஒரு சங்கடம் மட்டும் உண்டு: சில மிடில் ஸ்கூல்களில் அந்த வகுப்புக்காக இசை, ஓவியம் மாதிரி விருப்பப் பாடம் ஒண்ணு போயிடும். உங்க பள்ளியில் எப்படின்னு அங்கே இருக்கிற கவுன்சிலரிடம், அதாவது மாணவர் ஆலோசகரிடம் கேட்டுக்குங்க.

இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச நம்ம பிள்ளைகள் படிக்கிறதிலும் எழுதறதிலும் நல்லா செய்வாங்க. பேசற பகுதியில்தான் ஒரே வார்த்தையில் பதில் சொல்லி மார்க்கை விட்டுடுவாங்க. படத்தைக் காட்டிக் கேட்டா மூணு, நாலு முழு வாக்கியமா சொல்லணும்னு மட்டும் சொல்லி அனுப்புங்க. இங்கிலீஷ் கற்பவர்னு பதிவானா, அமெரிக்கப் பள்ளியில் சேர்ந்து 12 மாதம் ஆகாத பிள்ளைக்குக் காஸ்ப் மொழித் தேர்விலிருந்து ஒருமுறை விலக்கும் உண்டு.

வகுப்பு விவாதத்துக்கும் இந்தப் பேச்சுப் பழக்கம் தேவைப்படும். லாங்குவேஜ் ஆர்ட்ஸில் நண்பர்களோட கலந்து பேசறதும் அளவுகோலில் இருக்கு, மார்க்கும் உண்டு. டீச்சர் கேட்டால்தான் பேசணும்னு வளர்ந்த பிள்ளை அமைதியா உட்கார்ந்திருந்தா, அவளுக்குச் சொல்ல ஒண்ணுமில்லைன்னு இங்கே நினைச்சுடுவாங்க. ஒரு வகுப்புக்கு ஒரு தடவை கை தூக்கறதுன்னு ஆரம்பிக்கட்டும்.

கேள்வி:

நடுவில் வர்றதுக்கு மன்னிக்கணும். நாங்க டெக்ஸாஸ், டாலஸ் பக்கம். பையன் அடுத்த வருஷம் ஆறாவது. எங்களுக்கும் இதேதானா?

பதில்:

டெக்ஸாஸ் காமன் கோரை ஏத்துக்கவே இல்லை சகோ, வர்ஜீனியாவும் அப்படித்தான். ஃபுளோரிடா ஏத்துக்கிட்டு 2020-ல் விட்டுடுச்சு. உங்களுக்கு டீக்ஸ்னு சொந்த அளவுகோல் இருக்கு. ஆனா தீம், ஆதாரம், கிளெய்ம், ஆராய்ச்சின்னு சாரம் இங்கே மாதிரியேதான். உங்க ஊரில் கூடுதலா கடிதம் எழுதறது உண்டு, கருத்துச் சொல்லி, புகார் கொடுத்து, தகவல் கேட்டுன்னு. வசந்தத்தில் ஸ்டார்னு உங்க மாநிலத் தேர்வு. 2023-ல் அதை மாத்தினதிலிருந்து, படிச்ச பத்தியை வெச்சுக் கட்டுரை எழுதறது மூணாம் வகுப்பிலிருந்தே வந்துடுச்சு. அதனால உங்க பையனுக்கு ஆதாரம் காட்டி எழுதறது ஏற்கெனவே ஓரளவு பழகியிருக்கும். வீட்டு மொழி தமிழ்னு எழுதி, இங்கிலீஷ் உதவி தேவைன்னு பதிவானா, உங்களுக்கு எல்பேக்குக்குப் பதிலா வருஷா வருஷம் டெல்பாஸ் வரும்.

கோடை விடுமுறையில் பொது நூலகத்தில் அட்டை வாங்கிடுங்க, இலவசம்தான். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வாசிப்புக்கு லெக்சைல் அளவு, அதாவது புத்தகம் படிக்க எவ்வளவு கடினம்னு காட்டற எண், சுமார் 925 முதல் 1185 வரைன்னு வெச்சிருக்காங்க. ஆனா அந்த எண்ணைப் பார்த்துப் புத்தகத்தைத் தள்ளாதீங்க. பையனுக்குப் பிடிச்சது படக்கதையா இருந்தாலும் எடுத்துக்கட்டும். அதோட அவன் வயசுக்கேத்த கதையல்லாத புத்தகம் ஒண்ணும் சேர்த்து எடுங்க, விண்வெளியோ கிரிக்கெட்டோ எதுவா இருந்தாலும் சரி. ஆறாவதில் நம்ம பிள்ளைகள் தடுமாறறது பெரும்பாலும் கதையில் இல்லை, அந்த மாதிரிக் கட்டுரைகளில்தான்.